சயாம் ரயிலில் ஒரு நாள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டப்புறக் குடும்பங்கள் இப்போதெல்லாம் வீட்டில் அடைந்து கிடப்பதில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸைப் பேசிக்கொள்கிறார்கள். எல்லையைத் தாண்டி ஹாட்யாய்க்குப் போய், சந்தையில் துணிமணி வாங்கி, புத்தர் கோயில் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வருடம் முழுவதும் உழைத்த உடம்புக்கு இப்படி ஒரு மாற்றம் வேண்டியதுதான்.

ஆனால், ஹாட்யாயோடு திரும்பிவிடுகிறவர்களுக்கு இந்த மாதம் ஒரு யோசனை சொல்கிறேன். இன்னும் ஓர் இரவு ரயிலில் படுத்துத் தூங்கினால், கோயில், ரயில் பயணம், நல்ல சாப்பாடு என்று மூன்றையும் ஒரே நாளில் அனுபவிக்கக்கூடிய பகுதிக்குப் போய்விடலாம். நக்கோன் பதோம் என்ற ஊரில் காலையில் புறப்பட்டு, கஞ்சனபுரி என்ற ஊரில் இரவுச் சாப்பாட்டோடு முடிகிற ஒரு நாள் அது. அந்தப் பாதையில் போவதற்கு மற்ற நாட்டுப் பயணிகளுக்கு இல்லாத ஒரு காரணமும் நமக்கு உண்டு. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

போகும் வழி

கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ மின்சார ரயில் ஏறினால் பாடாங் பெசார் வரை ஒரே வண்டி. இரண்டு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் அந்த ஒரே நிலையத்தில்தான் இருக்கிறார்கள். கடப்பிதழில் இந்தப் பக்கம் ஒரு முத்திரை, பத்தடி நடந்தால் அந்தப் பக்கம் ஒரு முத்திரை. அங்கிருந்து மாலையில் தாய்லாந்து ரயில் புறப்படுகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் சிப்பந்தி வந்து இருக்கைகளைப் படுக்கையாக மாற்றி, வெள்ளை விரிப்பும் போட்டுக் கொடுக்கிறார். என் அம்மாவுக்கு வயது 74. கீழ்ப் படுக்கையில் அவர் படுத்தது தெரியும். விடிந்து நான் எழுப்பும்வரை அசையவில்லை.

பேங்காக்குக்கு முன்பே வருகிற நக்கோன் பதோமில் நாங்கள் இறங்கிக்கொண்டோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர். முதல் நாளை ஓய்வுக்கு விட்டுவிட்டு, மறுநாளைத்தான் நம் கணக்கில் வைத்திருந்தோம்.

காலையில் பெரிய சேதி

நக்கோன் பதோம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'நக்கோன்' என்பது நம்முடைய நகரம். 'பதோம்' என்பது பிரதமம். முதல் நகரம் என்று பொருள். தாய் மொழியில் இப்படி நமக்குத் தெரிந்த சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவர்கள் உச்சரிப்பில் கொஞ்சம் உருமாறியிருக்கும், அவ்வளவுதான். கஞ்சனபுரியும் அப்படித்தான். காஞ்சனம் என்றால் பொன், புரி என்றால் ஊர். பொன்னூர்!

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரில் பெரிய சேதி தெரிகிறது. சேதி என்பது புத்த சமயத்தார் எழுப்பும் தூபி. இதன் உயரம் ஏறத்தாழ 120 மீட்டர். பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற உருவம். உடம்பு முழுவதும் ஆரஞ்சு நிற மெருகோடு பதித்திருக்கிறார்கள். காலை வெயில் பட்டதும் பழுத்த பழம்போல் மின்னுகிறது. பழைய தூபி ஒன்று சிதைந்து கிடந்த இடத்தில் மோங்குட் அரசர் 1853-ல் இதை எழுப்பத் தொடங்கினார். அவர் மகன் சூளலங்காரன் காலத்தில், 1870-ல் வேலை முடிந்தது.

நாங்கள் போனபோது காவியுடை பிட்சுகள் திருவோட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் மண்டியிட்டுச் சோறும் பழமும் போட்டார்கள். அம்மாவும் நாலு வாழைப்பழம் வாங்கிப் போட்டுக் கும்பிட்டார். "எந்தச் சாமியாரா இருந்தா என்னப்பா, பசி ஒண்ணுதானே" என்றார்.

முந்தின நாள் மாலை, பக்கத்திலுள்ள சனம் சந்திரா அரண்மனைத் தோட்டத்துக்கும் போயிருந்தோம். அங்கே ஒரு சிறு மண்டபத்தில் நம் பிள்ளையார் இருக்கிறார். தாய் மக்கள் 'பிரா பிகனேட்' என்கிறார்கள். விக்னேசர்தான் அப்படி ஆகியிருக்கிறார். அவர்கள் நாட்டில் கலைக்கும் கல்விக்கும் அவரே தெய்வம். ஆகவே, புத்தர் நாட்டில் போய் எதைக் கும்பிடுவது என்று நம் பெரியவர்கள் தயங்க வேண்டியதில்லை.

கோயிலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். புத்தர் சிலைக்கு நேரே காலை நீட்டி உட்காரக் கூடாது. பெண்கள் பிட்சுக்களைத் தொடக் கூடாது. எதையும் அவர் கையில் நேராகக் கொடுக்கவும் கூடாது. இவ்வளவுதான். நம் கோயில் பழக்கத்துக்கு அதிக தூரமில்லை.

மூங்கில் சோறும் மூன்றாம் வகுப்பும்

பேங்காக்கின் தோன்புரி நிலையத்தில் காலை எட்டு மணிக்கு முன்பாகப் புறப்படும் வண்டி, ஒன்பது மணி வாக்கில் நக்கோன் பதோமுக்கு வருகிறது. அதற்குள் பசியாற வேண்டுமே! இந்த ஊரின் பேர்போன பண்டம் 'கௌ லாம்'. பூலுட் அரிசியைத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கறுப்புப் பயறும் சேர்த்து, மூங்கில் குழாயில் அடைத்து, தணலில் சுடுகிறார்கள். ஹரிராயாவுக்கு நம் மலாய் அண்டைவீட்டார் கொடுக்கும் லெமாங் தெரியுமல்லவா? அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவன் கொஞ்சம் இனிப்பு. மூங்கிலை வாழைப்பழத் தோல்போல் உரித்தால் உள்ளே மெல்லிய சவ்வோடு சோறு வருகிறது. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று முடித்தார்கள். வழிக்கென்று நான்கு குழாய்கள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டோம். இந்த வட்டாரத்துப் பம்பளிமாசும் நல்ல இனிப்பு.

வண்டியில் மூன்றாம் வகுப்பு மட்டுந்தான். ஜன்னல் திறந்தே இருக்கிறது. மேலே மின்விசிறி சுழல்கிறது. வெளிநாட்டவருக்கு ஒரே கட்டணமாக 100 பாட் வாங்கினார்கள். போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். ஆறு அந்தப் பக்கந்தான் தெரியும்.

வண்டி நகர்ந்தால் போதும், நடைபாதை முழுவதும் வியாபாரம். கம்பியில் குத்திச் சுட்ட கோழி, பிளாஸ்டிக் பையில் பூலுட் சோறு, பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்த புளிப்புக் கார ஊறல், பனிக்கட்டி போட்ட கோப்பி. ஓர் அம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தாவிப் போனதைப் பார்த்து, "நம்ம பால்வாளி தூக்கின இடுப்புதான் இது" என்று அம்மா சிரித்தார்.

சைவச் சாப்பாடு வேண்டுவோர் 'ஜே' என்று சொல்லிக் கேளுங்கள். சிவப்பு எழுத்து போட்ட மஞ்சள் கொடி தொங்கினால் அது சைவக் கடை. அதைக் கேட்காமல் காய்கறிக் குழம்பு வாங்கினாலும் அதில் மீன் தண்ணீர் கலந்திருக்கும்.

நோங் பிளாடுக்

நக்கோன் பதோமை விட்டு இருபது நிமிடம் போல ஓடியதும் நோங் பிளாடுக் என்ற சிறு நிலையம் வருகிறது. பெயர்ப் பலகையும் சில பூச்செடிகளும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நம் பயணத்தில் முக்கியமான இடம் இதுதான். தெற்கே மலேசியாவுக்குப் போகும் பாதையிலிருந்து பிரிந்து மேற்கே திரும்புகிற தண்டவாளம் இங்கேதான் தொடங்குகிறது. இதுவே சயாம்–பர்மா ரயில் பாதை. நம் தோட்டங்களில் 'சயாம் மரண ரயில்' என்று சொல்வது இதைத்தான்.

இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-ல் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்களில் வேலை நின்றது. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. பர்மாவில் போரிட்ட தம் படைக்குச் சாமான் அனுப்ப ஜப்பானியர் ஒரு ரயில் பாதை போட எண்ணினார்கள். நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். நடுவில் மலை, காடு, ஆறு. 1942-ன் நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17-ல் இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களும் சந்தித்ததோடு முடிந்தது. ஏறத்தாழ பதினாறு மாதம்!

அவ்வளவு வேகமாக முடிந்தது மனித உடம்புகளைக் கொண்டுதான். 60,000-க்கும் அதிகமான நேச நாட்டுப் போர்க் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களோடு பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று இரண்டு லட்சம் அளவுக்கு ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் போனதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்.

முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் கூட்டி, அப்படியே லாரியில் ஏற்றிய கதைகளை நம் பெரியவர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! சரக்குப் பெட்டிகளில் அடைத்து, பாடாங் பெசார் வழியாக, நாலைந்து நாள் பயணத்தில் நோங் பிளாடுக்குக்கு அடுத்த பான் போங்கில் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கிருந்து காட்டுக்கு நடை.

நாங்கள் வெள்ளை விரிப்பில் தூங்கிவந்த அதே பாதைதான் அது.

அம்மாவின் பெரியப்பாவும் அப்படிப் போனவர். அம்மா பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர், திரும்பவில்லை. நோங் பிளாடுக் பலகையை நான் படித்துச் சொன்னதும் அம்மா ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்தார். "பெரியப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க வீட்டுல சயாம் பெரியப்பான்னுதான் சொல்வாங்க. பேரு தெரியலையேப்பா" என்றார்.

பாலமும் மலையும்

கஞ்சனபுரி நிலையத்தைத் தாண்டியதும் வண்டி ஊர்ந்து, பேர்பெற்ற குவாய் ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறது. கறுப்பு இரும்புப் பாலம். வளைந்த பகுதிகள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த இடத்தில், போருக்குப் பின் வைத்த இரண்டு பகுதிகள் மட்டும் வளைவில்லாமல் வேறு மாதிரி இருக்கின்றன. இந்தப் பாலத்தின் பெயரில் 1957-ல் வந்த ஆங்கிலப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது பிடிக்கப்பட்டது இலங்கையில். அதில் வருவது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. நம்மவர் கதையை நம் மொழியில்தான் படிக்க வேண்டும். நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அதைச் சொல்கிறது.

அதன்பிறகு வயலும் கரும்பும் மரவள்ளியும் மாறி மாறி வருகின்றன. தாம் கிராசே என்ற இடத்தில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் கீழே குவாய் நோய் ஆறு. பாறையை ஒட்டி மரக்கால்கள் நட்டு, அவற்றின் மேல் சுமார் 400 மீட்டருக்குத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். வண்டி நடக்கிற வேகத்தில் போகிறது. மரம் முனகுவது கேட்கிறது. வெள்ளைக்காரப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். பிள்ளைகள் கையை நீட்டிப் பாறையைத் தொடப் பார்க்கிறார்கள். அழகான இடம். அந்த அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பகல் பன்னிரண்டரைக்கு வண்டி நாம் தோக் நிலையத்தில் நின்றுவிடுகிறது. போருக்குப் பின் பாதையின் பெரும்பகுதியைப் பெயர்த்துவிட்டார்கள். 130 கிலோமீட்டர் அளவுக்குத்தான் இன்றும் ரயில் ஓடுகிறது. இன்னொரு நாள் கையில் இருப்பவர்கள் இங்கிருந்து பஸ்ஸில் 'நரகத் தீக் கணவாய்' என்று கைதிகள் பெயர் வைத்த பாறை வெட்டையும், அங்கே ஆஸ்திரேலிய அரசு 1998-ல் திறந்த காட்சியகத்தையும் பார்க்கலாம். நாங்கள் கோழியும் பூலுட் சோறும் வாங்கிக்கொண்டு அதே வண்டியில் திரும்பினோம்.

திரும்பும் வழியில் என் மகனிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். வாத்தியார் புத்தி விடுமா? இறந்த கைதிகள் 12,000-க்கும் அதிகம். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அதை 415 கிலோமீட்டரால் வகுத்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 245 பேர். அதாவது நாலு மீட்டருக்கு ஓர் உயிர். "நாம உட்கார்ந்திருக்கிற பெட்டி 20 மீட்டர் இருந்தா அஞ்சு பேருப்பா" என்றான் அவன். பிறகு பேசவில்லை.

பெயர் உள்ள கல், பெயர் இல்லாத கல்

மூன்று மணி வாக்கில் கஞ்சனபுரியில் இறங்கினோம். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் போர்க் கல்லறை. புல் வெட்டி, பூச்செடி வைத்து, கோயில்போல் காக்கிறார்கள். ஏறக்குறைய 7,000 பேர் அங்கே உறங்குகிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். ஒவ்வொரு பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர் தலைமாட்டிலும் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. 22, 24, 27... வீட்டார் எழுதிய ஒரு வரியும் சிலவற்றில் உண்டு. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வயதை மட்டும் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே நடந்தார். "எல்லாம் பச்சப் புள்ளைங்க" என்றார்.

கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள். உடன் மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எங்கே புதைக்கப்பட்டார் என்பதை மறைவாகவாவது குறித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945-ல் ஒரு குழு இந்தப் பாதை முழுவதும் பயணம் செய்து நூற்றுக்கும் மேற்பட்ட இடுகாடுகளைத் தேடிக் கண்டுபிடித்தது. அதனால்தான் இன்று இந்தப் பெயர்கள் இருக்கின்றன.

நம்மவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. பெண்களும் பிள்ளைகளும்கூட அந்த முகாம்களில் இருந்தார்கள். 1943-ல் மழைக்காலத்தில் காலரா புகுந்தபோது மருந்தும் இல்லை, கொதித்த தண்ணீருக்கு வழி சொல்ல ஆளும் இல்லை. எரித்தார்கள், குழிகளில் மொத்தமாய்ப் போட்டார்கள். பட்டியல் எழுதியவர் இல்லை. 1990-ல் இந்த ஊர்ப் பக்கம் கரும்புக் கொல்லை ஒன்றில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை தொழிலாளர்களுடையவை என்று கருதுகிறார்கள். பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

கல்லறைக்குப் பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம் என்ற கோயில் இருக்கிறது. வியட்நாமியர் மரபில் வந்த புத்தர் கோயில். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்த இடம் இது. இறந்த நம்மவர்களுக்காக, மலேசியத் தமிழர்கள் முயன்று 2023-ல் இங்கே ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். வீரத்தோடு மாண்டவர்களுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது தமிழருடைய பழைய வழக்கம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். எண்பது ஆண்டு கழித்தாவது அது நடந்ததே என்று மனம் ஆறியது.

அம்மா பையைத் திறந்தார். காலையில் வாங்கிய மூங்கில் சோற்றில் இரண்டு குழாய் மீதியிருந்தது. அதை உரித்து, இரண்டு வாழைப்பழத்தோடு கல்லின் முன் வைத்தார். சூடம் இல்லை. கோயிலில் வாங்கிய ஊதுவத்தியைக் கொளுத்தினார். "சோறு சோறுன்னு போன மனுசங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் மனைவி, "அத்தை, உட்காருங்க" என்று சொல்லியும் கேட்காமல், வத்தி எரிந்து முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

மாலையில் பாலத்துக்குப் போனோம். பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இறந்தவர்கள் நினைவாக ஜப்பானியரே 1944-ல் கட்டிய ஒரு தூண் இருக்கிறது. அதைச் சுற்றிப் பல மொழிகளில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தமிழ். அந்நிய நாட்டில் நம் எழுத்தைப் பார்த்தால் மகிழ்ச்சி வரும். அங்கே அது வரவில்லை. நம்மவர் எத்தனை பேர் இங்கே விழுந்திருந்தால் அவர்கள் மொழியில் எழுத வேண்டும் என்று கட்டியவர்களுக்கே தோன்றியிருக்கும் என்றுதான் எண்ணினேன்.

ஆற்றங்கரைச் சாப்பாடு

பொழுது சாய்ந்ததும் ஆற்றில் மிதக்கும் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். மரத் தெப்பத்தின் மேல் மேசை நாற்காலி. படகு போனால் தரை லேசாக ஆடும். இந்த ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வேளையாவது இப்படிச் சாப்பிட வேண்டும்.

ஆற்று மீனில் தொம் யாம் வந்தது. நம் ஊரிலும் தொம் யாம் கிடைக்கிறது. ஆனால் செராயும் லெங்குவாசும் எலுமிச்சை இலையும் பறித்த சூட்டில் போட்ட வாசனை இங்கேதான். தணலோடு சட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அடுத்து வந்தது 'கேங் பா'. காட்டுக் கறி என்று பொருள். தேங்காய்ப் பால் கிடையாது. பச்சை மிளகைக் கொத்தோடு போட்டு, தண்ணீர்க் குழம்பாக வைக்கிறார்கள். காரம் கண்ணைக் கலக்கும். நம் மிளகு ரசம் குடித்துப் பழகியவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்ட காங்கோங் கீரை, முட்டை ஆம்லெட், வெள்ளைச் சோறு. முடிவில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் தேங்காய்ப் பால் ஊற்றிய பூலுட் சோறும்.

அன்று பார்த்ததை எல்லாம் நினைத்து அம்மா சாப்பிடமாட்டாரோ என்று எனக்குக் கவலை. அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "இந்த ஊர்லதான் நாம வயிறாரச் சாப்பிடணும்" என்றார். அதுவும் சரிதான்.

வீட்டுக்கு வந்தபின்

ஊர் திரும்பிய மறுவாரம், சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவின் அத்தையைப் போய்ப் பார்த்தோம். 93 வயது. காது மந்தம். கண் தெளிவு. சயாம் போன அண்ணன் பெயரைக் கேட்டதும் தயங்காமல் சொன்னார். அவரோடு அதே லயத்திலிருந்து போன இன்னும் ஐந்து பேரின் பெயரையும் சொன்னார். திரும்பி வந்தவர் ஒருவர் மட்டும். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அந்தப் பெயர்கள் அந்தந்த வீட்டாருக்கு உரியவை; ஆகையால் இங்கே அச்சில் கொடுக்கவில்லை.

வாசகர்களே, நான் கேட்பது ஒன்றுதான். அப்போது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பழைய தோட்டங்கள் பல செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகி, பெயரே மாறிவிட்டன. லயம் இடிந்தது. பிரட்டுப் புத்தகம் கறையானுக்குப் போனது. மிச்சமிருப்பது சில கிழவர் கிழவிகளின் நினைவு மட்டுமே.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலோ உறவிலோ உள்ள மூத்தவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். எழுதுவதைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். சயாமுக்குப் போனவர் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, அன்றைக்குத் தோட்டத்தின் பெயர் என்ன, கூடப் போனவர் யார் யார், திரும்பி வந்தவர் யார் என்று ஐந்து கேள்வி போதும். கேட்ட நாளையும் சொன்னவர் பெயரையும் அடியில் எழுதுங்கள். ஒரு படியை வீட்டிலும், ஒரு படியை உங்கள் தமிழ்ப்பள்ளி நூல் நிலையத்திலும் வையுங்கள்.

பிறகு பணம் சேர்த்து ஒருமுறை அந்த ரயிலில் போய் வாருங்கள். நடுகல்லின் முன் நின்று அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூங்கில் சோற்றை மட்டும் நக்கோன் பதோமிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேதான் ருசி.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.